போனில் முதல் குறும்படம்: ஒத்திகைக் காட்சி முதல் ரெண்டர் வரை

காலேஜில் குறும்பட ப்ராஜெக்ட் கொடுத்ததும் பல டீம்களில் ஒரே கதைதான். வாரக்கணக்கில் கதை பேசுவார்கள், இரண்டே நாளில் மொத்தப் படத்தையும் எடுத்து முடிப்பார்கள். எடிட்டிங் சாஃப்ட்வேரை முதன்முதலாகத் திறப்பது, படத்தை ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் ராத்திரி. முக்கியமான ஒரு ஷாட் இல்லை என்பது அப்போதுதான் தெரியும். நடித்தவர் ஊருக்குப் போயிருப்பார்.

அதனால் படம் முழுவதையும் எடுக்கும் முன் ஒரே ஒரு காட்சியை ஒத்திகையாக எடுங்கள். அன்று இரவே அதை வெட்டிப் பாருங்கள். கேமராவை எங்கே வைக்க வேண்டும் என்பது எடிட் செய்ய உட்காரும்போதுதான் புரிய ஆரம்பிக்கும்.

1. காட்சி ஒரு பக்கத்துக்குள்

இரண்டு பேர், ஓர் அறை, ஒரு பிரச்சினை போதும். இங்கே ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: ஹாஸ்டல் அறை. ஒருவனுக்கு அரியர் விழுந்திருக்கிறது. மேஜை மேல் போன் அதிர்கிறது, திரையில் 'அப்பா'. அவன் எடுக்கவில்லை. கட்டிலில் இருக்கும் நண்பன் பார்த்துவிட்டு, "எடுத்துச் சொல்லிருடா" என்கிறான். எழுதியதைச் சத்தமாக வாசித்து எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பாருங்கள். ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் வசனத்தைக் குறையுங்கள்.

2. போனை தயார் செய்வது

ஃபுல் எச்டி, அதாவது 1080பி போதும். 4கே எடுத்தால் மெமரியும் லேப்டாப்பும் சேர்ந்து திணறும்.

போனில் ப்ரோ வீடியோ மோட் இருந்தால் அதைத் திறங்கள். இல்லையென்றால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப் உங்கள் போனில் ஓடுமா பாருங்கள். ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) 25, ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழும் நேரம்) நொடியில் 1/50 என்று வையுங்கள். காரணம் இருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண ட்யூப்லைட் அதில் நொடிக்கு 100 முறை மின்னும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று இருந்தால் அந்த மின்னலோடு ஒத்துப்போகும். 1/60 வைத்தால் சுவரில் பட்டை பட்டையாக நிழல் ஓடலாம். 25 இல்லாத போனில் 30 வைத்தாலும் ஷட்டர் 1/50 தான்.

அடுத்து ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) மூன்றையும் லாக் செய்யுங்கள். சாதாரண கேமரா ஆப்பிலும் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். லாக் செய்யாவிட்டால் நண்பன் எழுந்து நடக்கும்போது படம் தானாக வெளிச்சமாகி இருட்டாகும், அதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு.

லைட்டுக்குச் செலவு வேண்டாம். நடிகரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். முகத்தின் இருட்டுப் பக்கத்தில் ஒரு தெர்மாகோல் ஷீட்டைப் பிடித்தால் நிழல் மென்மையாகிவிடும்.

3. எடுக்க வேண்டிய ஷாட்டுகள்

முதலில் மாஸ்டர் ஷாட்: இருவரும் தெரிய, காட்சி முழுவதையும் நிறுத்தாமல் எடுங்கள். பிறகு ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவரைக் காட்டும் சஜஷன் ஷாட், இரண்டு பக்கமும். பிறகு க்ளோஸ்-அப்கள்: இரண்டு முகங்கள், அதிரும் போன், அதை நோக்கி நீளும் கை.

இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, கேமராவை எப்போதும் அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் வையுங்கள். தாண்டிவிட்டால், எதிரெதிரே பேசுகிறவர்கள் திரையில் ஒரே பக்கம் பார்த்துப் பேசுவதுபோல் இருக்கும்.

ஒத்திகைக் காட்சி உங்களுக்குக் கற்றுத்தரப்போகும் பெரிய பாடம் கை நீளும் அந்த ஷாட்டில் இருக்கிறது. மாஸ்டரில் அவன் கை போனைத் தொடும்வரை ஓட விடுங்கள். க்ளோஸ்-அப் எடுக்கும்போது கை ஃப்ரேமுக்குள் வருவதற்கு முன்பே ரெக்கார்டிங் தொடங்கியிருக்க வேண்டும். ஒரே அசைவு இரண்டு ஷாட்டிலும் முழுதாக இருந்தால், கை பாதி தூரம் போகும்போது வெட்டலாம். பார்ப்பவர் கண் அசைவைப் பின்தொடரும், வெட்டு கண்ணில் படாது. எந்த டேக்காக இருந்தாலும் 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்னும் 'கட்' சொல்வதற்கு முன்னும் ஐந்து ஐந்து நொடி கூடுதலாக ஓடட்டும்.

4. சத்தம்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். ஃபேனை அணையுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. இன்னொரு போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, நடிகரின் சட்டைப் பையிலோ, ஃப்ரேமுக்குத் தெரியாமல் பக்கத்திலோ வையுங்கள். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கேமராவுக்குத் தெரியும்படி ஒருமுறை கைதட்டுங்கள், பிறகு படத்தையும் சத்தத்தையும் பொருத்த அது உதவும். கிளம்பும் முன் எல்லாரும் பேசாமல் நிற்க, அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு இடையே விழும் ஓட்டையை அடைக்க அதுதான் உதவும்.

5. அன்று இரவே எடிட்

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பே போதும். 8 ஜிபி ரேம் லேப்டாப்பில் அது திணறினால் ஷாட்கட் அல்லது கேடென்லைவ். இரண்டும் இலவசம்தான்.

ரிசால்வில் ஃபுட்டேஜை (எடுத்த வீடியோக்களை) உள்ளே கொண்டுவரும் முன்பே ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ஃப்ரேம் ரேட்டை 25 ஆக்குங்கள் (30-இல் எடுத்திருந்தால் 30). பிறகு மாற்ற விடாது. வீடியோவையும் தனி ஆடியோவையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ரைட் க்ளிக் செய்து, சத்தத்தின் அலைவடிவத்தை வைத்து ஆட்டோ சின்க் கொடுங்கள், படமும் சத்தமும் தானாகப் பொருந்தும். பொருந்தாவிட்டால் கைதட்டல் தெரியும் ஃப்ரேமையும் சத்தம் எகிறும் இடத்தையும் நேராக்குங்கள். சின்க் முதலில் சரியாக இருந்து போகப் போக நழுவினால், படம் எடுத்த போன் மாறும் ஃப்ரேம் ரேட்டில் பதிவு செய்திருக்கலாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டுத் தொடருங்கள்.

மாஸ்டர் ஷாட்டை முழுதாக டைம்லைனில் (ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் பகுதி) போடுங்கள். கன்ட்ரோல் + பி அழுத்தினால் அந்த இடத்தில் வெட்டும். தேவையான இடங்களில் மட்டும் க்ளோஸ்-அப்பை மேல் ட்ராக்கில் வையுங்கள். "எடுத்துச் சொல்லிருடா" என்ற வசனத்தின்போது பேசுகிறவனைக் காட்டாமல், கேட்கிறவன் முகத்தை வைத்துப் பாருங்கள். அதிர்வுச் சத்தத்தை, போனின் க்ளோஸ்-அப் வருவதற்கு அரை நொடி முன்பே தொடங்குங்கள். சத்தம் முந்திக்கொண்டு வரும் இந்த வெட்டுக்கு ஜே கட் என்று பெயர். ஒரே காட்சியின் உணர்வு இதில் எவ்வளவு மாறுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்ப்பீர்கள். எனக்கு எடிட்டிங்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பார்த்துக்கொண்டே ஒரு தாளில் குறியுங்கள்: எந்த ஷாட் இல்லை, எது சீக்கிரம் 'கட்' ஆனது, எந்த வசனம் கேட்கவில்லை. அடுத்த நாள் அதே காட்சியை மறுபடி எடுக்கும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும். மீதிப் படத்துக்கான ஷாட் லிஸ்ட்டை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

6. முடிப்பது

கலரில் முதலில் எல்லா ஷாட்டிலும் முகத்தின் நிறத்தை ஒன்றாக்குங்கள், ஸ்டைலை அப்புறம் பார்க்கலாம். வசனம் ஆடியோ மீட்டரில் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருக்கட்டும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். யூடியூபில் காப்பிரைட் சிக்கல் வரும். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது.

எம்பி4, எச்.264, 1080பி என்று ரெண்டர் கொடுங்கள், அதாவது எடிட்டை ஒரே வீடியோ கோப்பாக மாற்றுங்கள். வந்த கோப்பை ஹெட்போன் இல்லாமல், போன் ஸ்பீக்கரில் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். வசனம் புரியாத இடத்தில் இசையை இன்னும் 3 டெசிபல் இறக்கிவிட்டு மறுபடி ரெண்டர் போடுங்கள். ஒரிஜினல் ஃபுட்டேஜை, மார்க் வரும்வரை, இரண்டு இடத்தில் வைத்திருங்கள்.