மலைநாட்டில் பழைய வீடு வாங்குமுன் சீலிங்குக்கு மேலே ஏறிப் பாருங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மாற்றலாகி வந்து, இந்தக் குளிர் பிடித்துப்போய் இங்கேயே வீடு வாங்க நினைப்பவர்களுக்கு இது. உறுதி (காணிப் பத்திரம்), பிளான், காணிப் பதிவகத்தில் தேடுதல், சோலைவரி (வீட்டு வரி) பற்றுச்சீட்டு எல்லாம் ஊரில் போலத்தான், சட்டத்தரணி பார்த்துக்கொள்வார். மண்சரிவு அபாயம் பற்றி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் கேட்டுவிடுங்கள். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். அதை ஒதுக்கும்போதே கூரைக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை அடைமழை. பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் ஒக்டோபரில் பிடித்தால் ஜனவரி வரை விடாது. அந்தந்தப் பக்கத்து மழைக்காலத்தில் போய் வீட்டைப் பாருங்கள். பெப்ரவரி வெயிலில் எந்தக் கூரையும் ஒழுகாது. வீடெல்லாம் பழைய பெயின்ட், ஒரு அறைச் சீலிங் மட்டும் பளிச்சென்று இருந்தால் அந்த அறைக்கு மேலேதான் முதலில் ஏற வேண்டும்.

டோர்ச்சும் ஸ்க்ரூ டிரைவரும் போதும். பகலில் ஏறி டோர்ச்சை அணைத்தால் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும் இடமெல்லாம் ஓட்டை. கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடாதீர்கள். தண்ணீர் கைமரத்தில் (கூரையைத் தாங்கும் சாய்ந்த மரத்தில்) வழிந்து இறங்கித்தான் சொட்டும், ஆகவே ஓட்டை மேட்டுப்பக்கம் இருக்கும். கைமரம் சுவரில் உட்காரும் நுனியில் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். சிரமமில்லாமல் அரை அங்குலம் இறங்கினால் மரம் உளுத்துவிட்டது.

பெரிய செலவு வைப்பது கூடல்வாய், அதாவது இரண்டு கூரைகள் சேரும் பள்ளம். பின்னால் அறை சேர்த்துக் கட்டிய வீடுகளில் இது பெரும்பாலும் இருக்கும். சைப்ரஸ் இலையும் சருகும் அதில் அடைந்து, ஈரம் காயாமல், அடியில் போட்ட தகரத்தை அரித்துவிடும். விற்பவர்கள் அதன்மேல் சீமெந்து பூசி மறைப்பார்கள். சீமெந்தைக் கண்டால் சந்தேகப்படுங்கள். பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் தகரம் நீண்டு சுருங்கும், சீமெந்து அசையாது. ஓரத்தில் வெடித்து, உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நின்று, தகரத்தின் நாகப்பூச்சையும் கெடுக்கும். சிலிகோன் பூசுவதும் ஒரு மழைக்காலத்துக்கான ஏமாற்று. சரியான வேலை இது: இருபக்கமும் இரண்டு வரிசை ஓடுகளைக் கழற்றி, பழைய தகரத்தை எடுத்து, அடிமரத்தைப் பார்த்து மாற்றி, புதுத் தகரத்தைக் கீழிருந்து மேலாக 6 அங்குலம் ஏறப்போட்டு விரிக்க வேண்டும். ஓட்டுக்கு அடியிலும் பக்கத்துக்கு 6 அங்குலமாவது தகரம் போக வேண்டும். பள்ளத்தின் நடுவில் ஆணியே கூடாது.

மழையில்லாத விடியற்காலையில் சொட்டினால் அது ஒழுக்கு அல்ல, தகரம் வியர்ப்பது. சமையல் ஆவியும் மூச்சும் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகிறது. அதற்கு எவ்வளவு பசை பூசினாலும் நிற்காது. சமையலறைப் புகை வெளியே போக வழியும், சீலிங்குக்கு மேலே காற்று ஓட இடமும் வேண்டும்.

தகரத்தைக் கழற்றி ஓடு போடும் ஆசை இருந்தால் முதலில் மரத்தைப் பாருங்கள். ஓடு சதுர மீற்றருக்கு 40 கிலோ அளவில் வரும், தகரம் 5 கிலோதான். 100 சதுர மீற்றர் கூரையில் நாலு தொன் பாரம். தகரத்துக்கென்று போட்ட கைமரம் அதைத் தாங்காது. அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் மேலே கால் வைக்காதீர்கள், பலகை போட்டு நடக்கச் சொல்லுங்கள். காய்ந்த சீட்டை அறுக்கவோ பாசியைச் சுரண்டவோ விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஆணித் துளை எப்போதும் அலையின் மேட்டில், பள்ளத்தில் அல்ல.

அட்வான்ஸ் கொடுக்குமுன் உங்களுக்குத் தெரிந்த ஒரு பாஸை (கூரை வேலை தெரிந்த மேஸ்திரியை) கூட்டிப்போய் எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள். விற்பவர் காட்டும் பாஸ் வேண்டாம். அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லிப் பேசுங்கள். உறுதி எழுதிய பிறகு யாரும் குறைக்கமாட்டார்கள்.