ஜிம்னிக்குப் பெரிய டயரும் ஸ்பேசரும்

மாருதி ஜிம்னியின் 195/80 ஆர்15 டயர் விட்டம் 693 மி.மீ. 235/75 ஆர்15 போட்டால் 733 மி.மீ. தரை இடைவெளி கூடுவது பாதிதான், 20 மி.மீ. ஸ்பீடோமீட்டரோ சுமார் 6% குறைத்துக் காட்டும்.

அகல டயர் முழுத் திருப்பத்தில் ரேடியஸ் ஆர்மில் (அச்சைச் சட்டத்தோடு இணைக்கும் கம்பி) உரசினால் ஸ்பேசர் தேவைப்படும். இது வீல் பொருந்தும் ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் உலோகத் தட்டு. ஆனால் வீல் வெளியே தள்ளப்படுவதால் உரசல் பம்பர் ஓரத்துக்கு இடம் மாறலாம். லிஃப்ட் இல்லாத, அதாவது சஸ்பென்ஷனை உயர்த்தாத வண்டிக்கு 215/75 போதும், ஸ்பேசரே வேண்டாம்.

வாங்கும் ஸ்பேசரின் அளவு: 5×139.7 பிசிடி (5 போல்ட், அவை அமையும் வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ.), 108 மி.மீ. ஹப் துளை, 12 மி.மீ. ஸ்டட் (நட்டு ஏறும் மரை போல்ட்), 1.25 பிட்ச் (மரை இடைவெளி, மி.மீ.). ஹப்பில் கச்சிதமாக உட்காராத ஸ்பேசர் வேகத்தில் அதிரும்.

ஹப் முகத்துத் துருவை வயர் பிரஷால் சுரண்டுங்கள். ஸ்டட்டில் கிரீஸ் கூடாது. டார்க் (முறுக்கு விசை) அளவு பொய்யாகி ஸ்டட் இழுபடும். ஸ்பேசர் நட்டுகளை நட்சத்திர வரிசையில் 100 நியூட்டன் மீட்டருக்கு முடுக்குங்கள். ஹப்பின் பழைய ஸ்டட் முனை ஸ்பேசரைத் தாண்டி நீட்டினால், வீலின் பின்பக்கக் குழிக்குள் அடங்குகிறதா பாருங்கள். அடங்காவிட்டால் வீல் படியாது, நட்டு தானே தளரும்.

100 கி.மீ. ஓடியதும் வீலைக் கழற்றி, ஸ்பேசரைப் பிடிக்கும் உள் நட்டுகளையும் சோதியுங்கள். பலர் வீலைப் பிடிக்கும் வெளி நட்டோடு நிறுத்திவிடுகிறார்கள்.