முள்ளில்லாத ப்ளாக்பெர்ரி ஏற்காட்டுல வளர்க்கணுமா, முதல்ல ரகத்தைப் பாருங்க

எனக்கு ஒரு தடவை ப்ளாக்பெர்ரின்னு சொல்லி மல்பெரி செடியைக் குடுத்துட்டாங்க, ஒரு வருஷம் தண்ணி ஊத்தி வளர்த்த அப்புறம் தான் தெரிஞ்சுது, மனசு விட்டுப் போச்சு. அதனால வாங்கும்போதே இலையைப் பாருங்க. மல்பெரின்னா ஒத்தை இலை. ப்ளாக்பெர்ரி ரோஜா குடும்பம், ரோஜா மாதிரியே ஒரே காம்புல மூணு இல்ல அஞ்சு இலை சேர்ந்து இருக்கும்.

அடுத்தது ரகம், இதுல தான் நிறைய பேரு ஏமாந்து போறாங்க. நவஹோ, அப்பாச்சி மாதிரி ரகமெல்லாம் 7 டிகிரிக்குக் கீழ நூத்துக்கணக்கான மணி நேரம் குளிர் பட்டா தான் ஒழுங்கா பூக்கும், ஏற்காடு 1500 மீட்டர் உயரம்னாலும் அந்தக் குளிர் இங்க கிடையாதுங்க, செடி தளதளன்னு வளரும் ஆனா பழம் இருக்காது. அந்த வருஷம் வந்த குச்சியிலயே காய்க்கிற ரகமா கேட்டு வாங்குங்க. ப்ரைம் ஆர்க் ஃப்ரீடம் அப்படிப்பட்டது, முள்ளும் கிடையாது, அமெரிக்காவுல ஆர்கன்சா யுனிவர்சிட்டி 2013ல வெளியிட்டது.

மண்ணு லேசா புளிப்பா இருக்கணும், பிஹெச் 5.5ல இருந்து 6.5 வரைக்கும். காப்பி நல்லா வர்ற இடம்னா பயப்படவே வேணாம். மழைத் தண்ணி நின்னா வேர் அழுகிடும், அதனால ஒரு அடி உசரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, மக்குன தொழு உரம் கலந்து, 3 அடிக்கு ஒரு செடி வைங்க. மேல சில்வர் ஓக் மரத்துச் சருகை மூடாக்கா போட்டுருங்க. ரெண்டு பக்கமும் கல்லுக்கால் நட்டு 3 அடியிலயும் 5 அடியிலயும் கம்பி இழுத்துட்டா குச்சியை அதுல கட்டி விட்டுடலாம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வெயில் வேணும், காப்பிக்கு விடுற மாதிரி நெழல் விட்டா காய்க்காது.

கவாத்து, அதாவது குச்சியை வெட்டி விடுறது தாங்க உயிர். புதுக் குச்சி 3 அடி வந்ததும் நுனியைக் கிள்ளி விடுங்க, பக்கக் கிளை வெடிக்கும், பூ அதுல தான் வரும். எங்க தோட்டத்துல பழம் முடிஞ்சு ஆகஸ்ட்ல எல்லாத்தையும் தரையோட வெட்டிடுவோம், மழையில புதுத் தூர் கிளம்பி, மழை ஓய்ஞ்ச அப்புறம் பூ விடும். செப்டம்பர் அக்டோபர்ல பழம் செடியில இருந்தா சாம்பல் பூசணம் புடிச்சு அத்தனையும் வீணாயிடும், மே வெயில்ல 30 டிகிரிக்கு மேல போனாலும் பூ சரியா காயாகாது, ரெண்டையும் தவிர்க்கத் தான் இந்தக் கணக்கு.

சேலம் டவுன்ல இருக்கறவங்க தரையில வைக்க வேணாம்னு தான் சொல்லுவேன். போர் தண்ணி உப்பு, இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், அது இரும்புச் சத்து ஏறலைன்னு அர்த்தம். ஆசைப்பட்டா பெரிய தொட்டியில கோகோபீட்டும் (தேங்காய் நார்த் தூள்) கம்போஸ்ட்டும் போட்டு, மழைத் தண்ணி புடிச்சு ஊத்தி, காலை வெயில் மட்டும் படுற இடத்துல வைங்க, மதியத்துக்கு மேல பச்சை வலை கட்டாயம்.

பழம் கருப்பானதும் பறிச்சுடாதீங்க! பளபளன்னு மின்னுதுன்னா இன்னும் புளிக்கும், பறிச்ச அப்புறம் பழுக்கவும் பழுக்காது. மினுமினுப்பு போய் மங்கலான கருப்பாகி, விரல் பட்டதும் கையோட வந்தா தான் இனிப்பு. ரெண்டு நாள் கூட பொறுக்கணும், அதுக்குள்ள கொண்டைக்குருவி வந்துடும், அதனால வலை போட்டுருங்க.

இன்னொரு செடி வேணும்னா மழைக்காலத்துல ஒரு குச்சியோட நுனியை வளைச்சு நாலு இன்ச் ஆழத்துல மண்ணுக்குள்ள பொதைச்சு மேல ஒரு கல்லு வைங்க, ஒன்றரை மாசத்துல வேர் புடிச்சுடும், அப்புறம் தாய்க் குச்சியை வெட்டி விட்டு எடுத்து நட்டுக்கலாம்.