கப்பலைத் தேடாதீர்கள், வாரத்தைத் தேடுங்கள்: கலாபகோஸ் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதி எனக்குப் பழக்கம். இருவருக்கும் பறவைகள் என்றால் உயிர். பல ஆண்டுச் சேமிப்பை எடுத்துக்கொண்டு ஒரு பிப்ரவரி மாதம் ஈக்வடார் நாட்டின் கலாபகோஸ் தீவுகளுக்குப் போய்வந்தார்கள். எஸ்பன்யோலா தீவில் கூடு வைக்கும் ஆல்பட்ராஸைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கனவு. இறக்கையை விரித்தால் இரண்டு மீட்டருக்கும் மேல் நீளும் பறவை அது. ஜோடி சேரும் காலத்தில் எதிரெதிரே நின்று அலகோடு அலகு மோதி ஆடும். தம்பதி எஸ்பன்யோலாவில் இறங்கினார்கள், பாறைகளைக் கடந்து நடந்தார்கள். ஒரு ஆல்பட்ராஸ்கூட அங்கே இல்லை. ஏப்ரல் வாக்கில் வந்து குஞ்சு பொரித்து, டிசம்பரோடு கடலுக்குத் திரும்பிவிடும் பறவை அது. பணம் வாங்கிய முகவர் அதைச் சொல்லவில்லை. கப்பல் அருமை, சாப்பாடு அருமை, அறைக்குப் பால்கனிகூட இருந்தது என்று அந்த அம்மா சொன்னபோது குரலில் இருந்த வருத்தத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அவர்கள் செய்த தவறைத்தான் பெரும்பாலானவர்கள் செய்கிறார்கள். முதலில் கப்பலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். படம், அறை, மேல்தளம், விலை எல்லாம் பார்த்து முடித்த பிறகே அது எங்கே போகிறது என்று கேட்கிறார்கள். கலாபகோஸைப் பொறுத்தவரை இது தலைகீழ் வரிசை.

காரணம் அங்குள்ள விதிமுறைகளில் இருக்கிறது. தென் அமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் மேற்கே, நிலநடுக்கோட்டின்மீது கிடக்கும் எரிமலைத் தீவுகள் இவை. நிலப்பரப்பில் 97 சதவீதம் தேசியப் பூங்கா. ஒரு கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. பல கப்பல்கள் 16 பேரை மட்டுமே ஏற்றுகின்றன. எந்தக் கப்பல் எந்த நாளில் எந்தக் கரையில் ஆட்களை இறக்கலாம் என்பதைப் பூங்கா நிர்வாகம் வகுத்துக் கொடுக்கிறது. 2012 முதல், சில இடங்கள் நீங்கலாக, ஒரு கப்பல் 15 நாள் சுற்றுக்குள் ஒரே இடத்துக்கு இரண்டாம் முறை போக முடியாது. இடங்களுக்கு ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. இதனால் ஒரே கப்பல், ஒரே அறை, ஒரே கட்டணத்தில் இந்த வாரம் மேற்குத் தீவுகளுக்குப் போகும், அடுத்த வாரம் தெற்குக்கும் கிழக்குக்கும் போகும். முதல் வாரம் போனவர் பார்த்த விலங்குகளில் பலவற்றை இரண்டாம் வாரம் போனவர் பார்க்கவே மாட்டார். எந்தக் கப்பலும் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் காட்டிவிடாது. "எல்லாம் பார்க்கலாம்" என்று எழுதியிருந்தால் அந்த விளம்பரத்தை மூடிவிடுங்கள்.

ஆகவே, எந்த உயிரினத்தைப் பார்க்காமல் திரும்பினால் மனசு ஆறாது என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். ஆல்பட்ராஸ் என்றால் எஸ்பன்யோலா, அதுவும் ஏப்ரலுக்குப் பிறகு. செங்கால் பூபி என்ற கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாக வேண்டும் என்றால் வடகிழக்கில் இருக்கும் ஹெனோவேசா. இரவு முழுவதும் ஓடி, நிலநடுக்கோட்டைக் கடந்து போய்ச் சேர வேண்டிய தீவு அது. பறக்க முடியாத நீர்க்காகம் என்றால் மேற்கே பெர்னாண்டினா தீவும் இசபெலா தீவின் வடக்கு, மேற்குக் கரைகளும் மட்டுமே. உலகில் வேறெங்கும் அது இல்லை. கலாபகோஸ் பெங்குவின்களிலும் பெரும்பகுதி அந்த மேற்குக் கரையில்தான் இருக்கின்றன. கடலடியில் மேற்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டம் அந்தத் தீவுகளில் மோதி மேலே எழும்புகிறது. அதனால் அங்கே மீன் மிகுதி. நிலநடுக்கோட்டில் பெங்குவின் பிழைத்திருப்பதும் அதனால்தான்.

அந்த நீர்க்காகத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. நம் ஊர் ஏரிக்கரையில் நீர்க்காகம் முங்கி எழுந்து, கட்டையில் உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். பெர்னாண்டினாவின் நீர்க்காகத்துக்குச் சிறகு சிறுத்துக் கட்டையாகிவிட்டது. பறப்பது என்பதே கிடையாது. ஆனாலும் கடலிலிருந்து கரையேறியதும் அந்தக் கட்டைச் சிறகுகளை அதே போல விரித்து வெயிலில் காயவைக்கிறது. அதைப் பார்ப்பதற்காக மட்டுமே ஒருவர் மேற்கு வாரத்தைத் தேர்ந்தெடுத்தால் அவரை நான் தடுக்க மாட்டேன்.

பயணத் திட்டத்தைப் படிக்கும்போது ஏமாறுகிற இடமும் இங்கேதான் இருக்கிறது. "இசபெலா" என்று பெயர் இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். இசபெலா நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான தீவு. சில கப்பல்கள் தெற்கே புவேர்த்தோ வியாமில் என்ற சிற்றூருக்கு மட்டும் போய்த் திரும்பிவிடும். அங்கே பறக்காத நீர்க்காகத்தை எதிர்பார்க்க முடியாது. திட்டத்தில் உர்பினா விரிகுடா, டாகுஸ் கோவ், புந்தா விசென்டே ரோகா ஆகிய பெயர்களும், பெர்னாண்டினாவில் புந்தா எஸ்பினோசாவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எஸ்பன்யோலா என்றால் புந்தா சுவாரெஸ் இருக்க வேண்டும். கார்ட்னர் விரிகுடாவின் வெண்மணலோடு திட்டம் முடிந்துவிட்டால் ஆல்பட்ராஸ் கூடுகளை நெருங்கியிருக்க மாட்டீர்கள். தீவின் பெயரை நம்பாதீர்கள், இறங்கும் இடத்தின் பெயரைக் கேளுங்கள்.

நாள் கணக்கும் அப்படித்தான். "எட்டு நாள்" பயணத்தின் முதல் நாள் விமானம் வந்து சேரவே நண்பகல் ஆகிவிடும். கடைசி நாள் காலை உணவோடு விமான நிலையத்தில் விட்டுவிடுவார்கள். முழு நாட்கள் ஆறு. "நான்கு நாள்" என்பதில் முழு நாட்கள் இரண்டு. இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சில எட்டு நாள் பயணங்கள் உண்மையில் நான்கு நாளையும் ஐந்து நாளையும் ஒட்டித் தைத்தவை. நடுவில் ஒரு நாள் பாதிப் பயணிகள் இறங்கிப் புதியவர்கள் ஏறுவார்கள். அதற்காகக் கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பி வரும், உங்கள் அரை நாள் அதில் கரையும். சாந்தா குரூஸ் தீவின் மேட்டு நிலத்தில் ராட்சத ஆமை பார்ப்பதும், புவேர்த்தோ அயோரா ஊரில் இருக்கும் ஆராய்ச்சி நிலையமும் நல்ல அனுபவங்களே. ஆனால் அவற்றைக் கப்பல் ஏறும் முன்பே வாடகை வண்டியில் போய்ப் பார்த்துவிடலாம். கப்பலுக்குக் கொடுக்கும் பணம் பெர்னாண்டினா, ஹெனோவேசா போன்ற ஆளில்லாத் தீவுகளுக்கான பணம். தீவிலுள்ள ஊரில் தங்கி ஒரு நாள் படகில் போய்வருபவர்களுக்கு அந்த இரண்டும் எட்டாது.

பருவத்தைப் பற்றி ஒரே விடை கிடையாது. ஜனவரி முதல் மே வரை வெப்பம், இடையிடையே மழை, கடல் பெரும்பாலும் அமைதி. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், கடலாமைகள் முட்டையிடும். ஜூன் முதல் நவம்பர் வரை ஹம்போல்ட் என்ற குளிர்ந்த கடல் நீரோட்டத்தின் காலம். அங்கே கருவா என்று அழைக்கும் தூறல் மூட்டம், அலை மிகுதி. ஆனால் குளிர்ந்த நீரில் உணவு மிகுதி என்பதால் கடற்பறவைகளும் கடல்சிங்கங்களும் சுறுசுறுப்பாக இருக்கும் காலம் அது. கப்பல் ஆட்டத்தில் வாந்தி வரும் உடல்வாகு உள்ளவர்கள் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை தவிர்ப்பது நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். ஆட்டம் குறைவாகத் தெரியும் இடம் அது. எல்லோரும் போட்டி போட்டுக் கேட்கும் மேல்தளப் பால்கனி அறைதான் அதிகமாக ஆடும். அதே சமயம் கீழ்த்தளத்தில் இயந்திர அறைக்கும் நங்கூரச் சங்கிலிக்கும் பக்கத்தில் அறை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கப்பல்கள் தீவுவிட்டுத் தீவு போவது இரவில்தான்.

அறையைவிட முக்கியமான ஒருவர் இருக்கிறார்: வழிகாட்டி. பூங்காப் பகுதியில் பூங்காவின் சான்று பெற்ற வழிகாட்டி இல்லாமல் கரையில் கால் வைக்க முடியாது. ஒரு வழிகாட்டிக்கு அதிகபட்சம் 16 பேர். அந்த எண்ணிக்கை முழுதாக நிரம்பினால் ஒற்றையடிப் பாதையில் கடைசியில் நடப்பவருக்கு முன்னால் பேசுவது காதில் விழாது. வழிகாட்டி எத்தனை ஆண்டு அனுபவமுள்ளவர், ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவாரா, ஒருவருக்கு எத்தனை பயணிகள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு வழிகாட்டிகளுடன் 20 பேர் போகும் கப்பல், ஒரே வழிகாட்டியுடன் 16 பேர் போகும் கப்பலைவிட மேல் என்பது என் கருத்து. நல்ல வழிகாட்டி உடனிருந்தால், கறுத்த எரிமலைப் பாறைமேல் அசையாமல் கிடக்கும் கடல் இகுவானா மூக்கு வழியே உப்பைப் பீய்ச்சுவது ஏன் என்று அங்கேயே நின்று புரிந்துகொள்வீர்கள். உலகில் கடலுக்குள் மேய்ந்து வாழும் ஒரே பல்லியினம் அது. நல்லவர் அமையாவிட்டால் படம் எடுத்துக்கொண்டு நடந்துவிடுவீர்கள்.

விலங்குகளைத் தொடலாம், பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுக்கலாம் என்று ஆசை காட்டும் முகவரிடம் போகவே கூடாது. இரண்டு மீட்டர் இடைவெளி என்பது விதி. பாதையை விட்டு விலகக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது, பயணிகள் டிரோன் பறக்கவிடக் கூடாது. அங்குள்ள உயிரினங்கள் மனிதனைக் கண்டு ஓடுவதில்லை. இந்த நம்பிக்கைதான் ஒரு காலத்தில் அவற்றுக்கு எமனானது. திமிங்கிலம் பிடிக்கப் போன கப்பல்கள் ராட்சத ஆமைகளை உயிரோடு தூக்கிப்போய் அடித்தளத்தில் அடுக்கின. பல மாதங்கள் தீனியில்லாமல் உயிரோடு இருக்கும் என்பதால் அவற்றை நடமாடும் இறைச்சியாக வைத்துக்கொண்டார்கள். பின்தா தீவின் ஆமையினத்தில் கடைசியாக எஞ்சியிருந்த 'தனியன் ஜார்ஜ்' 2012 ஜூனில் இறந்தது. அங்கே இரண்டு மீட்டர் தள்ளி நிற்பது நம்மால் முடிந்த மிகச் சிறிய மரியாதை.

நம்மவர்கள் கணக்கில் எடுக்கத் தவறும் இன்னொன்று நீச்சல். பயண அனுபவத்தில் பாதி தண்ணீருக்குள்தான் கிடைக்கிறது; பல நாட்களில் முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீந்தும் நேரம் உண்டு. நீச்சல் தெரியாதவர்கள் படகில் காத்திருக்க வேண்டியதாகிவிடும். ஆறு மாதம் முன்பே உள்ளூர் நீச்சல்குளத்தில் சேர்ந்துவிடுங்கள். பெற்றோரை அழைத்துப் போவதாக இருந்தால், ரப்பர் படகிலிருந்து முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கும் கரைகள் எத்தனை, உருண்டைப் பாறைகள்மேல் நடக்க வேண்டிய இடங்கள் எவை என்று கேளுங்கள். பார்த்தலோமே தீவின் உச்சிக்கு முந்நூற்றுக்கும் மேற்பட்ட மரப்படிகள். மருத்துவர் இருக்கும் கப்பல் வேண்டும் என்றால் பெரிய கப்பல்களில் தேடுங்கள். 16 பேர் கப்பலில் அந்த வசதியைப் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது.

செலவில் மறைந்திருப்பவை: 2024 ஆகஸ்ட் முதல் வெளிநாட்டுப் பெரியவர்களுக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் 200 டாலர், தீவுகளுக்குப் போகிறவர்கள் வாங்க வேண்டிய போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அட்டைக்கு 20 டாலர். ஈக்வடார் தலைநகர் கீட்டோவிலோ குவாயாகிலிலோ இருந்து தீவுக்குப் போகும் விமானம், குளிர்நீரில் நீந்துவதற்கான உடையின் வாடகை, பணியாளர்களுக்கான அன்பளிப்பு ஆகியவை கட்டணத்தில் அடங்குகின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே ஈக்வடாரில் இருங்கள். இரண்டு நாள் முன்பு என்றால் இன்னும் நல்லது. கீட்டோ 2,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தலைவலி வரலாம். அதற்கு அஞ்சுபவர்கள் தாழ்நிலத் துறைமுக நகரமான குவாயாகிலைத் தேர்ந்தெடுக்கலாம். பழங்களும் முளைக்கக்கூடிய விதைகளும் தீவுக்குள் கூடாது. பெட்டியைச் சோதிப்பார்கள், எனவே தாளிக்கும் கடுகையும் பயறையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் முன்பதிவின்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். கடலின் நடுவில் காய்கறி வாங்க இடமில்லை.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் அமெரிக்கா வழியாக விமானம் மாறினால் அதற்கே தனி விசா தேவை. டிக்கெட் மலிவு என்று வாங்கிவிட்டுப் பிறகு தவிக்காதீர்கள். திரும்பி வரும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பார்கள்; இல்லாவிட்டால் தனிமைப்படுத்தும் விதி உண்டு. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் அந்த ஊசி போடுகிறார்கள். ஊசி போட்ட பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும்; புறப்படும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி நாள் குறித்துக்கொள்ளுங்கள்.