துணிக்கை ஓடிய தூரம்: தொகையிட முன் இதைப் பாருங்கள்

வன்னியில் உயர்தர இணைந்த கணிதம் படிக்கும் தம்பி, தங்கைமாருக்கு ஒரு சின்னக் குறிப்பு. இடப்பெயர்ச்சியை வகையிட்டால் வேகம், வேகத்தை வகையிட்டால் ஆர்முடுகல். இது எல்லாருக்கும் தெரியும். பரீட்சையில் புள்ளிகளை இழப்பது ‘ஓடிய மொத்தத் தூரம்’ கேட்கும் இடத்தில்தான்.

கிளிநொச்சியிலிருந்து பரந்தனுக்குச் சைக்கிளில் போய்த் திரும்பினால் இடப்பெயர்ச்சி பூச்சியம். கால் வலிக்காதா என்ன?

ஆகவே முதலில் வேகம் பூச்சியமாகும் நேரங்களைக் கண்டுபிடியுங்கள். நேர்கோட்டில் ஓடும் ஒரு துணிக்கையின் இடப்பெயர்ச்சி ந செக்கனில் ந³ − 6ந² + 9ந மீற்றர் என்று வைப்போம். வேகம் 3(ந − 1)(ந − 3). அதாவது 1ஆம், 3ஆம் செக்கன்களில் துணிக்கை திரும்புகிறது. 0, 1, 3, 4 செக்கன்களில் இடப்பெயர்ச்சி முறையே 0, 4, 0, 4. முதல் 4 செக்கனில் இடப்பெயர்ச்சி 4 மீற்றர்தான், ஓடிய தூரமோ 4 + 4 + 4 = 12 மீற்றர். வேகத்தை 0 முதல் 4 வரை ஒரே மூச்சில் தொகையிட்டால் 12 வராது. திரும்பும் இடங்களில் வெட்டி, துண்டு துண்டாகத் தொகையிட்டு, மறைக் குறியை நீக்கிக் கூட்ட வேண்டும்.

அப்புறம், ஆர்முடுகல் மறையாக வந்தவுடன் ‘கதி (திசை பாராமல் வேகத்தின் அளவு மட்டும்) குறைகிறது’ என்று எழுதிவிடாதீர்கள். இங்கே ஆர்முடுகல் 6ந − 12. 1க்கும் 2க்கும் இடையில் வேகமும் மறை, ஆர்முடுகலும் மறை, கதி கூடுகிறது. இரண்டின் குறியும் வேறுபட்டால்தான் குறையும்.