ஜெரோமின் நகர்ந்த சிறையைப் பார்க்கும் முறை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிளியோபாட்ரா குன்றின் சரிவில் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் ஜெரோம் என்னும் பழைய தாமிரச் சுரங்க ஊர் உள்ளது. கட்டிய இடத்திலிருந்து சுமார் 225 அடி கீழே சறுக்கி வந்து நின்றுவிட்ட சிறைச்சாலை ஒன்று அங்கே இருக்கிறது. நேராக அதன்முன் போய் நின்றால், கம்பி பொருத்திய சிறிய கான்கிரீட் கூண்டைத் தவிர வேறொன்றும் தென்படாது. ஆகவே அதைக் கடைசியில் பார்ப்பதே நல்லது.

பீனிக்ஸிலிருந்து வருவோர், காட்டன்வுட் வழியாக 89ஏ சாலையில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் ஊரை அடையலாம். பிரெஸ்காட்டிலிருந்து வரும் பாதை மிங்கஸ் மலையின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதால், பயணத்தில் தலைசுற்றுபவர்களுக்கு உகந்ததன்று.

முதலில், 1916இல் கட்டப்பட்ட டக்ளஸ் மாளிகைக்குச் செல்லுங்கள். இப்போது அருங்காட்சியகமாக இயங்கும் அங்கே, ஊருக்கு அடியில் சுரங்க வழிகள் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் முப்பரிமாண மாதிரி உள்ளது. அதற்குப் போதிய நேரம் ஒதுக்குங்கள். அருகிலுள்ள ஆட்ரி சுரங்கக் குழியின் வாயில் கண்ணாடித் தளம் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் நின்று 1,900 அடி ஆழக் குழியைக் குனிந்து பார்த்தால் உள்ளங்கால் கூசும்.

சிறை நகர்ந்ததற்கான காரணம் இந்த நிலத்தடியில்தான் இருக்கிறது. கந்தகம் மிகுந்த தாதுவில் பற்றிய தீ ஆண்டுக்கணக்கில் அணையாமல் எரிந்ததால், யுனைட்டட் வெர்டே நிறுவனம் மேலிருந்து வெட்டியெடுக்கும் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு மாறியது. அதற்காக வைத்த வெடிகள் ஊரையே உலுக்கின. உருக்காலைப் புகையில் மரஞ்செடிகள் ஏற்கெனவே கருகிப்போயிருந்தமையால், மண்ணைப் பிடித்து நிறுத்த வேர்களும் இல்லை. 1930களில் கட்டடங்கள் ஒவ்வொன்றாகச் சரியத் தொடங்கின.

இவற்றையெல்லாம் பார்த்தபின் ஹல் அவென்யூவுக்கு வாருங்கள். சிறையருகே நின்று, கம்பிகளைப் பார்ப்பதற்கு முன் திரும்பி மேற்சரிவைப் பாருங்கள். அந்த 225 அடியைக் கண்ணால் அளந்தால்தான் நடந்ததன் அளவு பிடிபடும். பிறகு சுவரின் விளிம்பை அருகிலுள்ள மின்கம்பம் போன்ற நேரான ஏதேனும் ஒன்றோடு ஒப்பிட்டு, அது நிமிர்ந்து நிற்கிறதா என்று சரிபாருங்கள். ஊரில் பேய்க்கதைச் சுற்றுலாக்களும் உண்டு. நேரம் குறைவென்றால் தயங்காமல் தவிர்க்கலாம். ஊர் கிழக்கு நோக்கிய சரிவில் இருப்பதால் பிற்பகலில் மலைநிழல் விரைவில் விழுந்துவிடும். படமெடுக்க விரும்புவோர் காலையிலேயே வந்துவிடுவது நல்லது, வண்டி நிறுத்தவும் அப்போதுதான் இடம் எளிதில் கிடைக்கும்.