ஹெமிங்வே ரசித்த டைகிரி: வீட்டில் செய்யும் முறை

வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, பனிக்கட்டி. டைகிரி என்ற மதுக்கலவைக்கு இவ்வளவுதான் வேண்டும். கியூபாவின் சாண்டியாகோ நகருக்கு அருகே டைகிரி என்றோர் ஊர் உண்டு. அங்கே இரும்புச் சுரங்கத்தில் பணியாற்றிய ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை முதலில் கலந்தார் என்பார்கள். எழுத்தாளர் ஹெமிங்வேக்கும் அதிபர் கென்னடிக்கும் பிடித்த பானம் இது. முதலில் பொதுவான முறையைப் பழகுங்கள்.

படி 1: கண்ணாடிக் கிண்ணத்தை ஃப்ரீசரில் வையுங்கள்.

படி 2: எலுமிச்சையைப் பிழிந்து 20 மி.லி. சாறு எடுங்கள். பாட்டில் சாறு வேண்டவே வேண்டாம். நம் சந்தையில் கிடைக்கும், மெல்லிய தோலுள்ள சிறிய எலுமிச்சை இதற்கு மிகப் பொருத்தம்.

படி 3: சாற்றில் 2 டீஸ்பூன் பொடித்த சர்க்கரையைச் சேர்த்து முழுதாகக் கரையுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ரம்மிலும் குளிரிலும் சர்க்கரை எளிதில் கரையாது. கடைசி மடக்கில் பல்லில் நறநறக்கும்.

படி 4: 60 மி.லி. ரம் ஊற்றி, ஷேக்கர் நிறையப் பனிக்கட்டி போட்டு 15 விநாடி பலமாகக் குலுக்குங்கள். இறுக மூடும் பாட்டிலும் போதும். வெளிப்புறம் வெண்மையாகப் பூத்து, கை மரத்துப்போகும் அளவுக்குக் குளிர வேண்டும். அப்போது உருகிச் சேரும் நீர்தான் ரம்மின் காரத்தைத் தணிக்கிறது. அரைகுறையாகக் குலுக்கினால் தொண்டை எரியும்.

படி 5: வடிகட்டி உடனே பருகுங்கள்.

இனி ஹெமிங்வேயின் முறை. ஹவானாவின் எல் ஃப்ளோரிடிடா மதுக்கூடத்தில் அவருக்காகச் சர்க்கரை இல்லாமல், ரம்மை இரட்டிப்பாக்கித் தந்தார்கள். அதற்கு ‘பாப்பா டோப்ளே’ என்று பெயர். அங்கே இன்றும் மதுமேடையில் சாய்ந்தபடி அவரது வெண்கலச் சிலை நிற்கிறது. அவர் மறைந்தபின் 1970-இல் வெளியான ‘ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்’ நாவலின் நாயகன், ஓவியர் தாமஸ் ஹட்சனும் அதே மதுக்கூடத்தில் அதே சர்க்கரையில்லாத டைகிரியைத்தான் கேட்கிறான். ஆசிரியர் தன் நாக்கின் ருசியையே பாத்திரத்துக்கும் கொடுத்துவிட்டார். எனக்கு அந்தப் பக்கங்கள் மிகவும் பிடிக்கும்.

இன்று மதுக்கூடங்களில் ‘ஹெமிங்வே ஸ்பெஷல்’ என்று தருவதற்கு அளவு: ரம் 60 மி.லி., கிரேப்ஃப்ரூட் சாறு 40 மி.லி., எலுமிச்சைச் சாறு 15 மி.லி., செர்ரியில் தயாராகும் மராஸ்கினோ மது 15 மி.லி. குலுக்கும் விதம் மேலே சொன்னதுதான். புளிப்பு முகத்தைச் சுளிக்கவைத்தால் அரை டீஸ்பூன் சர்க்கரை சேர்க்கலாம், தவறில்லை. புதியவர்கள் ரம்மை மட்டும் இரட்டிப்பாக்க வேண்டாம். புளிப்பு வீரியத்தை மறைத்துவிடுவதால், ஏறுவது தெரியாது.

ஹட்சன் குடித்தது போல் உறைபனிப் பதத்தில் வேண்டுமா? குலுக்குவதற்குப் பதிலாக, ஒரு கப் நொறுக்கிய பனிக்கட்டியுடன் மிக்ஸியில் சில விநாடிகள் மட்டும் அடியுங்கள். நேரம் கூடினால் நீர்த்துவிடும்.